பழைய வருஷத்தின் வயிற்றில் ஒரு மெத்தை

மூட்டைப்பூச்சி இருக்கிற வீட்டைவிட, இருப்பது நாலு பேருக்குத் தெரிந்துபோன வீடுதான் கேவலமான வீடு என்பது மெலிதாவின் எண்ணம். குயாகில் நகரத்தின் தெற்கே, உப்போடையை ஒட்டிக் கிடந்த அந்தத் தெருவில் எல்லாமே மூங்கில் பிளாச்சு அடித்த வீடுகள். பிளாச்சுக்குப் பிளாச்சு இடுக்கு, இடுக்குக்கு இடுக்கு குடித்தனம். ஆனாலும் தன் வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்று அங்கே ஒருத்தரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. ராத்திரி முழுக்கச் சொறிந்தவர்கள் காலையில் எழுந்து கொசுவைத் திட்டினார்கள். செய்யாத குற்றத்துக்கெல்லாம் அந்தத் தெருவில் கொசுதான் திட்டு வாங்கியது.

மெலிதா சனிக்கிழமை தவறாமல் கட்டில் சட்டத்தில் கொதிநீர் ஊற்றுவாள். கட்டிலின் கால்களை மத்தி மீன் டப்பாக்களில் நிறுத்தி மண்ணெண்ணெய் விட்டிருந்தாள். கோழி இறகை மண்ணெண்ணெயில் நனைத்து இடுக்கிடுக்காகத் தடவுவாள். யாராவது படியேறி வந்தால் படுக்கை விரிப்பைத் தரைவரைக்கும் இழுத்துவிட்டு டப்பாக்களை மறைப்பாள். நாற்றத்துக்கு எறும்பைக் காரணம் சொல்வாள். அவள் வீட்டைப்போலச் சுத்தமான வீடு தெருவிலேயே இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். சொல்லாதவர்களை அவளே கேட்டுச் சொல்லவைப்பாள்.

எதிர்வீடு தார்ஹேலியாவுடையது. தார்ஹேலியா தையற்காரி. அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் மெலிதா. பெற்றவளும் ஞானத்தாயும் ஒருத்தியை ஒருத்தி 'கொமாத்ரே' என்றுதான் கூப்பிட வேண்டும். கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேலான உறவு அது. மெலிதா சமைக்கும் நண்டில் பாதி எதிர்வீட்டுக்குப் போகும். அங்கே தைக்கும் துணியின் மிச்சத்தில் இங்கே தலையணை உறை வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் இப்படித்தான் இருந்தது.

அப்போதுதான் மெலிதாவின் புருஷன் ஓல்மேதோ படுக்கையில் விழுந்தான். வாழைக்காயும் கொக்கோவும் ஏற்றிக்கொண்டு ஆற்றில் போய்வரும் லாஞ்சு ஒன்றில் அவன் சமையல்காரன். கரையில் இருக்கும் நாளெல்லாம் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி, மீசையில் வாசனை எண்ணெய். அப்படிப்பட்ட மனுஷனுக்கு முதுகு நோகக் கூடாது என்று, தார்ஹேலியா தன் மகள் கல்யாணத்துக்குத் தைத்து வைத்திருந்த புத்தம்புது இலவம்பஞ்சு மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். ஓல்மேதோ அதிலேயே கண்ணை மூடினான். ஒன்பது நாள் ஜெபம் முடிவதற்குள் மெலிதா மெத்தையைப் புரட்டிப் பார்த்தாள். ஓரத் தையல் நெடுக மூட்டைப்பூச்சி.

துக்கத்தில் இருக்கிறவளுக்குக் கோபம் பெரிய ஆறுதல். மெத்தையைத் தரதரவென்று இழுத்துப்போய் எதிர்வீட்டு வாசலில் போட்டாள்.

"சாகப்போற மனுஷனுக்கு உன் வீட்டுப் பூச்சியையா அனுப்பி வச்சே? அவரோட கடைசிச் சொட்டு ரத்தத்தைக்கூட அதுங்கதான் குடிச்சிருக்கு" என்று தெருவே கேட்கச் சொன்னாள்.

தார்ஹேலியா ஊசியும் நூலுமாக வாசலில் நின்றாள். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவள்மேல்தான் தப்பு என்று தெரு முடிவு கட்டிவிட்டது. அதற்கப்புறம் அவளிடம் துணி தைக்கக் கொடுப்பது கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. தைத்து வரும் சட்டையோடு வேறு எதுவும் கூட வந்துவிடக் கூடாதே. தார்ஹேலியா அரிசி ஆலைக்குச் சாக்குத் தைக்க ஆரம்பித்தாள். சாக்கில் யாரும் பூச்சி பார்ப்பதில்லை.

மெத்தை அன்றைக்கே ஓடையோடு போய்விட்டது, பூச்சி போகவில்லை. அவை ராத்திரியானால் எதிர்வீட்டிலிருந்து வரிசை கட்டித் தெருவைத் தாண்டி வருகின்றன என்று மெலிதா நம்பினாள். தெருவில் அப்படி ஒரு வரிசையை ஒருத்தரும் பார்த்ததில்லை என்பதை அவள் பொருட்படுத்தவில்லை.

இந்த டிசம்பர் கடைசியில், மழை இறங்கப் பார்க்கிற புழுக்கத்தில், கடி பொறுக்க முடியாமல் போயிற்று. கட்டிலையே நகர்த்திப் பார்த்துவிடலாம் என்று நகர்த்தினாள். சுவரோரமாகக் கறுப்புப் புள்ளிகள் கோடு போட்டதுபோலப் போயின. கோடு தெருவாசலுக்குப் போகவில்லை. கட்டிலுக்கடியில் இருந்த ஓல்மேதோவின் மரப்பெட்டிக்குப் போயிற்று.

அவனை லாஞ்சிலிருந்து கைத்தாங்கலாக இறக்கிக்கொண்டு வந்த அன்று கூடவே வந்த பெட்டி அது. அவன் போனபிறகு மெலிதா அதைத் திறக்கவே இல்லை. திறந்தால் அவன் வாசனை போய்விடும் என்று பயம். மாதா படத்துக்கு வைக்கும் பூவில் ஒன்றை அதன்மேலும் வைப்பாள். இப்போது திறந்தாள். அவன் வாசனை எப்போதோ போயிருந்தது. அழுகின கொத்தமல்லிபோல வேறொரு வாசனை வந்தது. அது எதனுடையது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைக் கோட்டின் ஒவ்வொரு தையலிலும் பேரன் பேத்தி எடுத்துக் குடியிருந்தன. பெட்டியின் அடியில் கைக்குட்டையில் ஒரு முடிச்சு. அவிழ்த்தாள். ஒரு சின்ன மண்ணெண்ணெய்ச் சீசா, ஒரு கோழி இறகு.

மெலிதா இறகை எடுத்துப் பார்த்தாள். ஆக, அவருக்குத் தெரிந்திருக்கிறது. லாஞ்சில் ஒளிந்து ஒளிந்து இறகு தடவிவிட்டு, கரை வந்ததும் வாசனை எண்ணெய் பூசிக்கொண்டு இறங்கியிருக்கிறார். பெட்டி வந்தது முதலில், மெத்தை வந்தது அப்புறம். தார்ஹேலியாவின் மெத்தை சுத்தம். இது முதலில் அவள் மனத்தில் பட்டது. அடுத்துப் பட்டது, இது வெளியே தெரியக் கூடாது என்பது. இரண்டுக்கும் நடுவில் வெட்கப்படக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. அதை அவள் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் எரித்தாக வேண்டும், கோட்டு, பெட்டி, அவள் இப்போது படுக்கிற மெத்தை உட்பட. பெட்டியை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டாள். மெத்தை அப்படி இல்லை. மெத்தையைத் தெருவில் போட்டுக் கொளுத்துவதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். ஆனால் வருஷக் கடைசி நாள் கணக்கு வேறு. அன்றைக்கு ஒவ்வொரு வாசலிலும் பழைய வருஷம் என்று ஒரு கிழவன் பொம்மை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பழைய சட்டை, பழைய கால்சராய், காகித முகமூடி, வயிற்றுக்குள் வெடிச்சரம். ராத்திரி பன்னிரண்டுக்கு அதைக் கொளுத்தினால் அந்த வருஷத்துச் சனியன் அதோடு போய்விடும். உள்ளே என்ன அடைத்திருக்கிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஆகவே மெலிதா பழைய போர்வையை உடம்பாகத் தைத்து, மெத்தைப் பஞ்சு முழுவதையும் அதற்குள் திணித்தாள். ஒரு மெத்தைப் பஞ்சு ஒரு மனுஷனுக்குள் அடங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓல்மேதோவுக்கு இல்லாத தொந்தி பொம்மைக்கு வந்தது. மிஞ்சியதைத் தொடையில் அடைத்தாள். மேலே வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பி. கடைசி நாள் காலையில் அதைத் தன் வாசலில் வைக்காமல் நடுத்தெருவில் கொண்டுபோய் உட்காரவைத்தாள்.

தெருமுனை நாவிதன் டால்டன் அதற்குள் கறுப்புப் பாவாடையும் முக்காடும் போட்டு, நெஞ்சில் கந்தல் மூட்டை இரண்டைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தான். வருஷக் கடைசியில் ஆம்பிளைகள் பழைய வருஷத்தின் விதவையாக வேஷம் கட்டி, பொம்மையைக் கட்டிக்கொண்டு அழுது, போகிறவர் வருகிறவரிடம் தட்டு நீட்டுவார்கள். டால்டன் ஒவ்வொரு வருஷமும் தெருவிலேயே கொழுத்த பொம்மையாகப் பார்த்துத்தான் விதவையாவான். நேராக வந்து வெள்ளைக் கோட்டின் மடியில் உட்கார்ந்தான்.

"என் ராசா, பன்னண்டு பிள்ளையைக் குடுத்துட்டுப் போறியே, அதுல பாதி யாருதுன்னாவது சொல்லிட்டுப் போ."

"அதுமேல உட்காராதே டால்டன்" என்றாள் மெலிதா.

"ஏன்க்கா, பொறாமையா இருக்கா?"

"பிஞ்சிடும்."

"உங்க கையால சாப்பிட்டு வளர்ந்த தொந்தி, அவ்வளவு சுலபத்துல பிஞ்சிடுமா?" பொம்மையின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "அப்படியே ஓல்மேதோ அண்ணன்தான். அந்தக் கோட்டு, அந்த மிடுக்கு. சுத்தமான மனுஷன்."

மெலிதா வீட்டுக்குள் போய்விட்டாள். மத்தியானம் மண்ணெண்ணெய் வாங்கப் போனாள். மற்றவர்கள் பொம்மைக்கு ஒரு கிண்ணம் விடுவார்கள். அவள் ஒரு டின் வாங்கினாள். கடையை விட்டு இறங்கும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தெருவுக்கு அவள் வந்து சேர்ந்தபோது மழை நின்றிருந்தது. நாற்காலி மட்டும் நனைந்து நின்றது. பொம்மை இல்லை.

டால்டன் ஒரு கூரைக்கடியில் பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தான். "தார்ஹேலியா அக்கா தூக்கிட்டுப் போயிட்டா. நாங்கல்லாம் தலை தப்பினா போதும்னு ஓடினோம். அவ மட்டும் 'ஐயோ, கோட்டு நனையுதே'ன்னு வந்து, அவ்வளவு கனத்தையும் ஒத்தையா தூக்கித் தன் வீட்டுக்குள்ள கொண்டுபோனா. நீங்க அவகிட்ட பேசி மூணு வருஷமாச்சு. ஆனாலும் பாருங்க, மனசு."

மெலிதா எதிர்வீட்டுக் கதவைப் பார்த்தாள். எதைச் செய்தாள் என்று தார்ஹேலியாவின்மேல் மூன்று வருஷமாகப் பழி சுமத்தினாளோ, அதைத் தானே செய்துவிட்டாள், அதுவும் ஆள் உயரத்துக்குக் கோட்டும் தொப்பியும் போட்டு. போய்ச் சொன்னால் தன் மானம் போகும், ஓல்மேதோவின் பெயரும் சேர்ந்து போகும். சொல்லாமல் இருந்தால் எதிர்வீட்டுக்கு நிஜமாகவே பூச்சி போகும். அப்புறம் அவள் சொன்ன பொய் பொய்யாகக்கூட இருக்காது. இந்தக் கடைசி நினைப்பில் ஒரு சௌகரியம் இருந்தது. ஒரு நிமிஷம் அவள் அதில் நின்றுகூடப் பார்த்தாள். பிறகு தன்மேலேயே அருவருப்பு வந்து, டின்னைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைத் தாண்டினாள்.

கதவு திறந்தே இருந்தது. உள்ளே சுவர் உயரத்துக்குச் சாக்கு அடுக்கியிருந்தது. பொம்மை ஒரு மர நாற்காலியில் கோட்டில்லாமல் போர்வை உடம்போடு உட்கார்ந்திருந்தது. நாற்காலியின் நாலு கால்களும் நாலு டப்பாக்களில் நின்றன. டப்பாக்களில் மண்ணெண்ணெய். தார்ஹேலியா மேசைமேல் வெள்ளைக் கோட்டை விரித்து, கரி இஸ்திரிப்பெட்டியால் தையல் தையலாக அழுத்திக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் படபடவென்று சத்தம் வந்தது, கடுகு பொரிகிற மாதிரி.

"அதோட வயித்துல வெடி இருக்கு" என்றாள் மெலிதா. மூன்று வருஷத்துக்கப்புறம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"எடுத்து ஜன்னல்ல வச்சிருக்கேன். நெருப்புப் பக்கத்துல வெடியை வைக்க நான் என்ன டால்டனா?" தார்ஹேலியா கோட்டைத் திருப்பிப் போட்டாள். "போட்டுவிடறதுக்கு முன்னாடி தையலை இஸ்திரி போட்டிருக்கலாம். பாதி அங்கேயே செத்திருக்கும்."

"அப்போ உனக்குத் தெரியும்."

"தூக்கினதுமே நாத்தம் அடிச்சுது."

"தார்ஹேலியா, இது உன் மெத்தையில வந்தது இல்லை. இவரோட பெட்டியில இருந்துச்சு. லாஞ்சுலேருந்தே."

"அதுவும் தெரியும்."

"எப்போலேருந்து?"

"நீ கல்யாணம் பண்ணிக்கிட்டு இந்தத் தெருவுக்கு வந்தியே, அப்போலேருந்து." தார்ஹேலியா இஸ்திரிப்பெட்டியைத் திறந்து கரியை ஊதினாள். "அவர் எங்க வீட்டுக்கு வந்தா நான் எதுல உட்காரவைப்பேன்?"

மெலிதா யோசித்தாள். மற்றவர்கள் வந்தால் மெத்தை போட்ட சாய்வு பெஞ்சு. ஓல்மேதோ வந்தால் தார்ஹேலியா உள்ளேயிருந்து ஒரு மர நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவாள். தன் புருஷனுக்கு மட்டும் தனி மரியாதை என்று மெலிதா பெருமைப்பட்டிருக்கிறாள். நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

"அவர் போனதும் நாற்காலியில வெந்நீர் ஊத்துவேன்" என்றாள் தார்ஹேலியா. "அவருக்கும் அது தெரியும். ஒரு தடவை ரொம்ப வெட்கப்பட்டு, எனக்கு ஒரு தார் வாழைக்காய் கொண்டுவந்து குடுத்தார். நல்ல மனுஷன்தான். கூடவே கூட்டம் வரும், அவ்வளவுதான்."

"தெரிஞ்சுமா அந்தப் புது மெத்தையைக் குடுத்தே?"

"செத்துக்கிட்டிருந்தாரு. பூச்சி வருமேன்னு பார்க்கவா முடியும்?"

மெலிதா சாக்கு அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டி அன்னைக்கே சொல்லலை? நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். நீ நின்னுக்கிட்டே இருந்தே."

"அவரைப் புதைச்சு ஒன்பது நாள்கூட ஆகலை. அந்த நேரத்துல, 'உன் புருஷன் கொண்டுவந்ததுடி'ன்னு நடுத்தெருவுல சொல்லணுமா நான்? உனக்கு மிச்சம் இருந்தது அந்த மனுஷனோட பேரு ஒண்ணுதான்." இஸ்திரிப்பெட்டி ஒரு தையல் நெடுகப் போனது. படபடத்தது. "அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள எனக்குக் கோபம் வந்துடுச்சு. கோபத்துல சொன்னா பழிவாங்கற மாதிரி இருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் எனக்கே சோம்பலாயிடுச்சு."

தான் செய்தது எவ்வளவு பெரிய அநியாயம் என்பது மெலிதாவுக்கு இப்போதுதான் முழுசாக உறைத்தது. எதிரில் இருக்கிறவள் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. தார்ஹேலியா கத்தவில்லை. கோட்டை உதறி, பொம்மைக்குப் போட்டுவிட்டு, வெடிச்சரத்தை வயிற்றில் வைத்துத் தைத்தாள். நல்ல தையல். எரியப்போகிற பொம்மைக்கு அவ்வளவு நெருக்கமாகத் தைக்க வேண்டியதே இல்லை.

"தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லட்டுமா?" என்றாள் மெலிதா.

"அது உன் இஷ்டம். எனக்குச் சாக்குத் தைச்சுப் பழகிடுச்சு." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கால் பக்கம் நீ பிடி. கனம் ஜாஸ்தி."

அன்றைக்கு வானம் பன்னிரண்டு மணிவரைக்கும் பொறுத்துக்கொள்கிற நிலையில் இல்லை. ஓடைப் பக்கம் மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. நனைந்த பொம்மை எரியாது, எரியாத வருஷம் போகாது. அதனால் வருஷத்தைச் சாயங்காலமே முடித்துவிடுவது என்று தெரு கூடிப் பேசித் தீர்மானித்தது. நகரத்தின் மற்ற இடங்களில் அது வழக்கம்போல நடுராத்திரியில்தான் முடிந்தது.

பொம்மைகளை எல்லாம் நடுத்தெருவில் குவித்தார்கள். வெள்ளைக் கோட்டை மேலே வைத்தார்கள். கொளுத்துவதற்கு முன்னால் பழைய வருஷத்தின் உயிலை யாராவது வாயால் சொல்ல வேண்டும். யார் யாருக்கு எதை விட்டுப்போகிறது என்று பொம்மையின் வாயாகவே பேசி எல்லாரையும் கிண்டல் செய்வது வழக்கம். டால்டன் ஒரு பெட்டிமேல் ஏறி நின்று பாவாடையைச் சரிசெய்துகொண்டான். கசாப்புக்காரனுக்குத் தன் கட்டைவிரலை விட்டுப்போவதாகவும், தராசில் வைக்க அவனுக்கு அது உதவும் என்றும் சொன்னான். கசாப்புக்காரனே சிரித்தான்.

"இறங்கு டால்டன்" என்றாள் மெலிதா. "நிஜ விதவை இங்க இருக்கேன். நான் சொல்றேன்."

தெரு கைதட்டியது. அவள் பெட்டிமேல் ஏறினாள். தார்ஹேலியா தன் வாசல்நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள்.

"ஓல்மேதோவாகிய நான், லாஞ்சுல வளர்த்துக் கோட்டுல ஏத்தி வீட்டுக்குக் கொண்டுவந்த மூட்டைப்பூச்சி அத்தனையையும் என் பொண்டாட்டிக்கே விட்டுட்டுப் போறேன். அவ அதுங்களை எதிர்வீட்டுதுன்னு சொல்லிச் சொல்லி நல்லாப் பார்த்துக்கறா. தார்ஹேலியாவுக்கு அவளோட புது மெத்தையைத் திருப்பித் தரேன். நான் படுக்கற வரைக்கும் அது சுத்தமாத்தான் இருந்துச்சு."

இப்படி ஒரு சிரிப்பு அந்தத் தெருவில் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கசாப்புக்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். டால்டனின் கண்ணில் தண்ணீர் வந்து மை வழிந்தது. "பத்து வருஷமா நான் உயில் சொல்றேன், இந்த மாதிரி ஒண்ணு என் வாயில வந்ததில்லை" என்றான். மெலிதாவுக்கு இவ்வளவு தமாஷாகப் பேச வரும் என்று யாருக்கும் தெரியாது என்று பேசிக்கொண்டார்கள்.

அதோடு அவள் இறங்கியிருக்கலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று, யாரும் நம்பவும் இல்லை. மனசாட்சிக்கும் ஆயிற்று, மானத்துக்கும் ஆயிற்று. இதைவிட மலிவாக ஒரு மன்னிப்பை யாரும் வாங்கியிருக்க முடியாது. எதிரே தார்ஹேலியா சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. இவ்வளவுதான் நடக்கும் என்று முன்னாலேயே தெரிந்தவள்போல நிலையை விட்டு உள்ளே திரும்பினாள்.

"சிரிக்காதீங்க" என்றாள் மெலிதா.

சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடியது.

"சிரிக்காதீங்கன்னு சொல்றேன். இது உயில் இல்லை, நான் சொல்றேன். பூச்சி எங்க வீட்டுது. கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்க வீட்டுலதான் இருக்கு. இந்தப் பொம்மைக்குள்ள இருக்கிறது என் மெத்தை. அது முழுக்கப் பூச்சி. உங்களுக்குத் தெரியாம எரிக்கணும்னுதான் இப்படித் தைச்சேன். தார்ஹேலியா சுத்தமான மெத்தை குடுத்தா. நான் அவளைப் பூச்சிக்காரின்னேன். நீங்களும் நம்பி, அவளுக்குத் துணி குடுக்கறதை நிறுத்தினீங்க."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றது. கடைசியாக நின்றது டால்டனுடையது. காலையிலிருந்து அந்தப் பொம்மையின் மடியில் குடியிருந்தவன் அவன். மெதுவாகக் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். முக்காட்டை எடுத்தான், ரவிக்கைக்குள் கைவிட்டுக் கந்தல் மூட்டைகளை ஒவ்வொன்றாக உருவினான், பேசாமல் குவியல்மேல் வைத்தான். அப்புறம் பாவாடையையும் அவிழ்த்து வைத்துவிட்டு அரைக்கால்சட்டையோடு நின்றான். பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். தங்கள் வீட்டில் கொசுதான் என்று சொல்கிறவர்கள் முதலில் போனார்கள்.

மெலிதா இறங்கி, டின்னிலிருந்த மண்ணெண்ணெய் முழுவதையும் வெள்ளைக் கோட்டின்மேல் ஊற்றித் தானே தீக்குச்சி கிழித்தாள். பஞ்சு குப்பென்று பற்றியது. வெடிச்சரம் வெடித்தது. தொப்பி ஒரு பக்கம் பறந்தது. வருஷம் முடிந்தது.

வருஷம் முடிந்தால் எல்லாரும் எல்லாரையும் கட்டித் தழுவ வேண்டும். சண்டைக்காரன், கடன்காரன் என்று பார்க்கக் கூடாது. தெரு முழுக்க ஆளுக்கு ஆள் தாவித் தாவித் தழுவிக்கொண்டார்கள். டால்டனைக்கூட ஓரிருவர் கை நீட்டித் தொட்டார்கள். மெலிதாவின் பக்கம் ஒருத்தரும் வரவில்லை. அவளைச் சுற்றி ஒரு வட்டம் காலியாக இருந்தது. வந்தவர்கள் அந்த வட்டத்தின் விளிம்பில் திரும்பி வேறு பக்கம் போனார்கள். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. போன வருஷம் தார்ஹேலியா இப்படித்தான் நின்றாள். அதற்கு முந்தைய இரண்டு வருஷமும் இப்படித்தான். அப்போது மெலிதா வட்டத்துக்கு வெளியிலிருந்து அதைப் பார்த்தாள், பார்த்துச் சந்தோஷமும் பட்டாள்.

அழக் கூடாது என்று நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் தார்ஹேலியா வருவதை அவள் பார்க்கவில்லை. தெரு பார்த்தது. தார்ஹேலியா அந்தக் காலி வட்டத்தைத் தாண்டி நேராக உள்ளே வந்தாள், இரண்டு கையாலும் மெலிதாவைச் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

"விடு, உன்மேலயும் ஏறிடும்" என்றாள் மெலிதா.

"ஏறட்டும். காலையில இந்தப் பாவாடையைக் கொதிக்கவச்சுக்கறேன்." தார்ஹேலியாவின் பிடி தளரவில்லை. "நாளைக்கு எனக்குத் தைக்கத் துணி கொண்டு வா. பையில மறைச்சு எடுத்துட்டு வராதே. தோள்ல போட்டுக்கிட்டு, தெரு நடுவுல நடந்து வா."

மெலிதா தலையாட்டினாள். அழுகை வந்தது.

"அழறதை அப்புறம் வச்சுக்கோ" என்றாள் தார்ஹேலியா. "இப்போ இறுக்கிப் பிடி. எல்லாரும் பார்க்கறாங்க."

மெலிதா அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.